மயக்கத்திலும் உறங்காத உடல்

வல்ல அல்லாஹ் மனிதனுக்கு வாரி வழங்கியிருக்கும் அருட்கொடைகள் எண்ணில் அடங்காதவை. அவற்றுள் இழந்த பிறகே அருமை தெரியும் கொடை ஒன்று உண்டு. அதுவே குரல்.

பாபநாசம் வட்டாரத்தில், குடமுருட்டி ஆற்றை அடுத்த எங்கள் ஊர் மதரஸாவில் இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்து வருகிறேன். தஜ்வீத் பாடத்தின் தொடக்கத்திலேயே தொண்டை எழுத்துகள் ஆறு என்று சொல்லிக்கொடுப்போம். ஹம்ஸாவும் சிறிய ஹாவும் தொண்டையின் அடியில் பிறக்கின்றன. ஐனும் பெரிய ஹாவும் நடுவில் பிறக்கின்றன. கைனும் காவும் மேற்புறத்தில் பிறக்கின்றன. இப்பாடத்தை எத்தனை நூறு முறை நடத்தியிருப்பேன்! ஆனால் அந்தத் தொண்டைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்தவனல்லன்.

சென்ற ரமழானுக்கு நான்கு மாதங்களுக்கு முன்பு என் குரல் கரகரக்கத் தொடங்கியது. முதலில் ஐன் கெட்டது. பிறகு எல்லா எழுத்துகளும் கெட்டன. சுக்கும் மிளகும் பனங்கற்கண்டும் கைகொடுக்கவில்லை. மார்கழி பிறந்தபோது பாங்கு சொல்லவும் இயலாதவனாகிவிட்டேன். தஞ்சை நகரில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவர் உள்ளே பார்த்துவிட்டு, வலப்பக்கக் குரல்நாணில் அரை நெல்மணி அளவுக்குச் சதை வளர்ந்திருக்கிறது என்றார். இது புற்றுநோய் போலத் தெரியவில்லை. ஆயினும் எடுத்துப் பரிசோதித்துவிடுவது நல்லது. முழு மயக்கம் கொடுத்து, வாய் வழியே குழாய் ஒன்றைச் செலுத்தி, நுண்ணோக்கியால் பார்த்து எடுக்க வேண்டும் என்று விளக்கினார்.

ரமழானுக்கு இரண்டு மாதங்களே இருந்தன. பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் பள்ளியில் தராவீஹ் தொழுகையை முன்னின்று நடத்தி வருபவன் நான். நாள் தள்ளிப்போனால் அந்த நற்பேறு கைநழுவிப் போகுமே என்ற கவலை என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கவலையே என்னைப் பொய் சொல்லவும் வைத்தது.

நான் சொன்ன பொய்

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா ஒரு வாரத்துக்கு முன்னதாகவே என்னை அழைத்துப் பரிசோதித்தார். பல் ஆடுகிறதா, கழுத்தை நன்றாக நிமிர்த்த முடிகிறதா, வீட்டில் யாருக்கேனும் மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா, ஐயா?” என்று கேட்டார்.

இரண்டு ஆண்டுகளாக நான் மாத்திரை சாப்பிட்டு வந்தேன். உண்டு என்று சொன்னால் இன்னும் ஒரு மருத்துவரைப் பார், இன்னும் ஒரு சோதனை செய் என்று நாளை ஒத்திவைப்பார்களோ என்று அஞ்சி, “இல்லை” என்று சொல்லிவிட்டேன். அன்று மாத்திரையின் தயவால் அழுத்தம் சரியாகவே இருந்தது. அவரும் குறித்துக்கொண்டார். பொய் சொல்லாதே என்று நாள்தோறும் பிள்ளைகளுக்குப் போதிப்பவனின் வாயிலிருந்து அந்தச் சொல் எவ்வளவு எளிதாக வந்துவிட்டது!

ஒரு பொய் மறு பொய்யை ஈன்றது. மருத்துவமனையில் மாத்திரையைப் பார்த்தால் வெளிப்பட்டுவிடுமே என்று, இரண்டு நாள் முன்னதாகவே அதை நிறுத்திவிட்டேன். என் மனைவியிடம்கூட, வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று கூறி மழுப்பிவிட்டேன்.

சிகிச்சை நாளன்று காலையில் என்னை மேசையில் படுக்க வைத்துக் கையில் பட்டையைச் சுற்றினார்கள். கருவி 190/114 என்று காட்டியது. நாடித்துடிப்பு 120. சற்றுப் பொறுத்து மீண்டும் பார்த்தார்கள், குறையவில்லை. அறையின் குளிரிலும் என் நெற்றி வியர்த்தது. நெஞ்சு இடிக்கும் ஓசை என் காதுக்கே கேட்டது.

அப்போது என் நினைவில் வந்து நின்றவன் ஒரு சிறுவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, என்னிடம் ஓதும் பத்து வயதுப் பிள்ளை ஒருவன், தொண்டைச் சதையை எடுக்கப் போகிறார்கள் என்று மதரஸாவில் அழுதுகொண்டிருந்தான். “ஓதுகிற பிள்ளை அழலாமா? ஈமான் உள்ளவன் பயப்படுவானா?” என்று எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலை மேசையில் கிடந்த எனக்கு நன்றாகத் தெரிந்தது.

டாக்டரம்மா என் அருகில் வந்து, “ஐயா, உண்மையைச் சொல்லுங்கள்” என்று மெல்லக் கேட்டார். சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. “இன்று வேண்டாம். கருவியை உள்ளே விடுவதற்கு முன்பே உங்கள் இருதயம் இந்த ஓட்டம் ஓடுகிறது. விட்ட பிறகு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்” என்றார். திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சையில் அழுத்தம் 180/110-ஐத் தாண்டி நின்றால் ஒத்திவைப்பதே பெரும்பாலும் வழக்கம் என்றும் சொன்னார்.

எனக்கு ஓர் ஐயம். “அம்மா, நான்தான் மயக்கத்தில் இருப்பேனே. வலியும் தெரியாது, பயமும் தெரியாது. பிறகு எப்படி இருதயம் ஓடும்?” என்று கேட்டேன்.

“நீங்கள் தூங்குவீர்கள், ஐயா. உங்கள் உடல் தூங்காது” என்றார் அவர்.

கல்லணையும் கொள்ளிடமும்

மூன்று வாரம் ஒத்திவைத்தார்கள். அந்த மூன்று வாரமும் குரலின்றி வீட்டில் இருந்தபோது, அந்த ஒரு வாக்கியத்தின் பொருளைத் தேடிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா சொன்னவற்றையும் பிறகு நான் படித்தவற்றையும் எனக்கு விளங்கிய வகையில் இங்கே எழுதுகிறேன்.

நம் உடலிலேயே மிகக் கடுமையாகக் காவல் காக்கப்படும் வாசல் தொண்டைதான். உணவும் காற்றும் ஒரே வழியில் வந்து, அங்கேதான் பிரிகின்றன. ஒரு பருக்கை தவறி மூச்சுக்குழலில் விழுந்தாலும் உயிருக்கு ஆபத்து. ஆகவே நாவின் அடியிலும், குரல்வளை மூடியிலும், குரல்நாண்களைச் சுற்றிலும் உணர்ச்சி நரம்புகளை இறைவன் நெருக்கமாக அமைத்திருக்கிறான். அவ்விடத்தில் அந்நியப் பொருள் ஒன்று பட்டதும், மூளையிலிருந்து புறப்படும் ஒன்பதாம், பத்தாம் நரம்புகளின் வழியே செய்தி மூளைத்தண்டுக்குப் போய்ச் சேர்கிறது. இது சிந்திக்கும் மூளைக்குத் தெரிவித்துவிட்டு நடக்கும் காரியமன்று. உறங்கும்போதும் மூச்சையும் இருதயத்தையும் நடத்திக்கொண்டிருக்கும் பகுதியே இதற்கும் பொறுப்பு. அங்கிருந்து கட்டளை பிறக்கிறது. நரம்பு முனைகளில் நார்அட்ரினலின் சுரக்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கொட்டுகின்றன. இருதயம் விரைகிறது, இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது.

மூச்சுப் பாதையில் ஏற்படும் உறுத்தல் இருதயத்தைப் பாதிக்கிறது என்பதை ரீட், பிரேஸ் என்ற இருவர் 1940-இல் எழுதினர். மயக்கத்தில் உள்ளவருக்குத் தொண்டையில் கருவியைச் செலுத்தி மூச்சுக்குழாய் பொருத்தும்போது அழுத்தமும் துடிப்பும் ஏறுவதை 1951-இல் கிங் என்பவரும் அவருடைய துணைவர்களும் விரிவாகப் பதிவு செய்தனர். சாதாரணமாக மூச்சுக்குழாய் பொருத்தும்போது எழும் இந்த எழுச்சி சில நிமிடங்களில் தணிந்துவிடும். எனக்குச் செய்யவிருந்த சிகிச்சையோ வேறு வகை. அதில் உலோகக் குழாய் நாவை அழுத்தியபடி, ஒரு தாங்கியில் பொருத்தப்பட்டு, வேலை முடியும் வரை தொண்டையிலேயே நிற்கும். காவலனை ஒரு முறை தட்டிவிட்டுப் போவது போலன்றி, அவன் கழுத்தில் கை வைத்துக்கொண்டே நிற்பது போன்றது அது. இளமையும் உடல்நலமும் உள்ளவர் இதைத் தாங்கிக்கொள்வார். இரத்தக் கொதிப்போ இருதய அடைப்போ உள்ளவருக்கு மாரடைப்பு, மூளையில் இரத்தக் கசிவு போன்ற கேடுகள் நேரலாம். சிறு பிள்ளைகளின் உடலோ வேறு விதம். தொண்டையைத் தீண்டினால் அவர்களுக்கு இருதயத் துடிப்பு குறைந்துவிடுவதும் உண்டு.

காவிரிப் படுகையில் பிறந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ளக் கல்லணையே போதும். மேட்டூரிலிருந்து வரும் நீரைக் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விடுகிறார்கள். வெள்ளம் பெருகி வரும்போது அதை முழுவதும் காவிரியிலும் வெண்ணாற்றிலும் விட்டால் கரைகள் தாங்குமா? சம்பாப் பயிர் மூழ்கும், ஊர்களும் மூழ்கும். ஆகவே மிகுதி நீரைக் கொள்ளிடத்தில் திருப்பி விடுகிறார்கள். ஆனால் வெள்ளம் கரையைத் தொட்ட பிறகு மதகைத் தேடி ஓடுவதில் பயனில்லை. மேலேயிருந்து செய்தி வந்தவுடனேயே திறந்தாக வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு முன்பு கொடுக்கும் முன்மருந்தும் இப்படிப்பட்டதே. வரப்போகும் வெள்ளத்துக்கு முன்கூட்டியே திறந்து வைக்கும் கொள்ளிடம் அது.

முன்மருந்து என்பது என்ன?

சிகிச்சைக்கு முந்தைய இரவிலோ அன்று காலையிலோ கொடுக்கும் மாத்திரையை வெறும் தூக்க மாத்திரை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அதன் பணிகள் பல. ஒன்று, அச்சத்தைத் தணிப்பது. இதற்கு மிடசோலம் போன்ற மருந்துகள் உதவுகின்றன. இரண்டு, உமிழ்நீரையும் சளியையும் வற்றச் செய்வது. கிளைக்கோபைரோலேட், அட்ரோபின் ஆகியவை இதற்கானவை. தொண்டைக்குள் பார்த்து வேலை செய்யும் மருத்துவருக்கு இது பெரிய உதவி. துடிப்பு குறைந்துவிடாமல் காக்கவும் அட்ரோபின் பயன்படும். மூன்று, நான் மேலே சொன்ன எழுச்சியை அடக்குவது.

இந்த மூன்றாவது பணிக்குப் பல மருந்துகள் உள்ளன. வலியை அடக்கும் ஃபென்டானில், தொண்டையை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன், இருதயத்தின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் எஸ்மோலால் என்று மருத்துவர்கள் ஆளுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்குக் கொடுத்தது குளோனிடின். இந்த மருந்தின் வரலாறு வியப்பானது. 1960-களில் ஜெர்மனியில் மூக்கடைப்பைப் போக்குவதற்காக உருவாக்கப்பட்டது அது. போட்டுப் பார்த்தபோது உறக்கம் வந்தது. இரத்த அழுத்தமும் இறங்கியது. மூக்குக்கென்று பிறந்தது இரத்தக் கொதிப்புக்கு மருந்தாகி, பின்னர் மயக்கவியலுக்கும் வந்து சேர்ந்தது. அட்ரினலின் வெள்ளத்துக்குக் கட்டளையிடும் மூளைத்தண்டிலேயே அது மதகைத் தாழ்த்துகிறது. அதே இனத்தைச் சேர்ந்த டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்துக்கு 1999-இல் அமெரிக்கா ஒப்புதல் வழங்கியது. அதன் முதல் அளவை நரம்பு வழியே, ஏறத்தாழ 10 நிமிடம் எடுத்துக்கொண்டு, மெல்ல மெல்லச் செலுத்துவார்கள்.

இவற்றில் அளவு மிஞ்சினாலும் தீங்குதான். துடிப்பு மிகவும் குறையும், அழுத்தம் இறங்கிவிடும், விழிப்பு தாமதமாகும். கொள்ளிடத்தையே முழுவதும் திறந்துவிட்டால் கடைமடை காய்ந்துபோகும் அல்லவா? ஆகவேதான் நோயாளியின் வயது, எடை, நோய், உண்ணும் மாத்திரை ஆகிய அனைத்தையும் மயக்க மருத்துவர் கேட்டறிகிறார். அந்தக் கேள்விகளுக்குத்தான் நான் பொய் சொல்லியிருந்தேன்.

ஹைதராபாத் சொல்லும் பாடம்

கல்லூரியில் வரலாறு படித்தவனாதலால், மயக்க மருந்தின் வரலாற்றைத் தேடாமல் இருக்க முடியவில்லை. தேடியபோது முதலில் எதிர்ப்பட்டவர்கள் நம் முன்னோர்கள். குர்துபாவில் வாழ்ந்த அஸ்ஸஹ்ராவி (936–1013) நாவை அழுத்திப் பிடித்துத் தொண்டைச் சதையை எடுக்கும் முறையைத் தம் நூலில் எழுதி வைத்தார். மூச்சு அடைபட்டவருக்குத் தொண்டை வழியே பொன் அல்லது வெள்ளிக் குழலைச் செலுத்தலாம் என்று இப்னு ஸீனா (980–1037) குறித்திருக்கிறார். குரல்வளையை உயிருள்ள மனிதனில் தெளிவாகக் கண்டறிந்தவரோ மருத்துவரே அல்லர். மானுவேல் கார்சியா என்ற இசை ஆசிரியர் 1854-இல் ஒரு சிறு கண்ணாடியைத் தொண்டையில் வைத்து, சூரிய ஒளியில் தம் குரல்நாண்களையே கண்டார். குரலைக் கற்றுக்கொடுப்பவனுக்குக் குரல் பிறக்கும் இடத்தைக் காணும் ஆவல் இருந்திருக்கிறது. எனக்கு அந்த ஆவல் இல்லாமல் போனதை எண்ணி வெட்கப்பட்டேன்.

1846 அக்டோபர் 16-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், கழுத்தில் கட்டியுடன் வந்த இளைஞர் ஒருவருக்கு மார்ட்டன் என்பவர் ஈத்தர் கொடுத்து மயக்கியதை உலகம் அறியும். மறு ஆண்டு மார்ச் மாதமே கல்கத்தாவில் ஈத்தர் பயன்பட்டது. அதே 1847-இன் இறுதியில் குளோரோஃபார்ம் வந்தது. வந்த சில வாரங்களிலேயே, 1848 ஜனவரி 28-இல், இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் அதனால் உயிரிழந்தாள். செய்யவிருந்தது கால்விரல் நகத்தை எடுக்கும் சிறு சிகிச்சை. அவள் அதற்கு முன்பு மிகவும் பயந்து அழுதுகொண்டிருந்தாள் என்பது பதிவில் உள்ளது. அவளுடைய சாவின் காரணம் பற்றி மருத்துவர்கள் நெடுங்காலம் வாதிட்டனர்.

அந்த வாதத்தின் ஒரு முக்கியக் கட்டம் நம் நாட்டில், ஒரு முஸ்லிம் அரசரின் ஆதரவில் நடந்தது. குளோரோஃபார்ம் இருதயத்தை நிறுத்துகிறதா, மூச்சை நிறுத்துகிறதா என்று ஆராய, ஹைதராபாத்தில் எட்வர்ட் லாரி என்ற மருத்துவர் 1888-இலும் 1889-இலும் இரண்டு குழுக்களை அமைத்தார். அதற்குப் பொருளுதவி செய்தது ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலீ கானின் அரசு. அந்நகரின் மருத்துவப் பள்ளியில் பயின்ற ரூபா பாய் ஃபர்தூன்ஜி என்ற பார்சிப் பெண்மணி மயக்கம் கொடுப்பதில் தேர்ந்து, உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்று போற்றப்படுகிறார். நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதித்துப் பார்த்த குழுவினர், மூச்சைக் கவனித்தால் போதும், இருதயத்துக்கு நேரடி ஆபத்து இல்லை என்று முடிவு கூறினர்.

அந்த முடிவு முழுமையானதாக இல்லை. 1911-இல் குட்மன் லெவி என்ற ஆங்கில மருத்துவர், மயக்கம் ஆழமாக இல்லாத நிலையில் குளோரோஃபார்மும் அட்ரினலினும் சேர்ந்தால் இருதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடும் என்று காட்டினார். அட்ரினலினோ, அச்சம் கொண்டவனின் உடல் தானே சுரந்துகொள்ளும் பொருள். சினமும் அச்சமும் உடலை எப்படியெல்லாம் மாற்றுகின்றன என்பதை வால்டர் கேனன் என்ற அமெரிக்க அறிஞர் 1915-இல் நூலாகவே எழுதினார். குளோரோஃபார்ம் இன்று வழக்கொழிந்து போயிற்று. ஆனால் அச்சமும் இருதயமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்ற பாடம் நிலைத்துவிட்டது.

அச்சமும் ஈமானும்

மூன்று வாரம் கழிந்தது. சம்பா அறுவடை தொடங்கியிருந்த நேரம். இம்முறை நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டேன். முந்தைய மாலையில் டாக்டரம்மா என் கட்டிலருகே வந்து அமர்ந்து, மறுநாள் நடக்கவிருப்பதை வரிசையாகச் சொன்னார். எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீரில் விழுங்குவது, எந்த அறையில் காத்திருப்பது, கண் விழிக்கும்போது தொண்டை எப்படி இருக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னார். “பயமாக இருக்கிறதா, ஐயா?” என்றும் கேட்டார். “இருக்கிறது” என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொன்னவுடன் என் நெஞ்சின் மேலிருந்த பாரம் பாதி இறங்கிவிட்டது.

இதுவும் மருத்துவமே என்று பின்னர் படித்தேன். 1963-இல் எக்பர்ட் என்ற அமெரிக்க மயக்க மருத்துவரும் அவர் துணைவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முந்தைய நாளில் மயக்க மருத்துவர் நேரில் வந்து விளக்கிப் பேசிய நோயாளிகள் மறுநாள் அமைதியாக இருந்தனர். தூக்க மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு உறக்கக் கலக்கம் இருந்தது. ஆனால் மன அமைதி வரவில்லை.

இதைப் படித்ததும் என் மனம் ஹிரா குகையை நோக்கிச் சென்றது. முதல் வஹீ இறங்கியபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நடுக்கத்துடன் இல்லம் திரும்பித் தம்மைப் போர்த்துமாறு கூறினார்கள் அல்லவா? அன்னை கதீஜா (ரலி) அவர்கள் முதலில் போர்த்தினார்கள். நடுக்கம் தணிந்த பிறகு ஆறுதல் சொன்னார்கள். ஏன் நடுங்குகிறீர்கள் என்று கடியவில்லை. ஸூரத்துத் தாஹாவில், சூனியக்காரர்களின் கயிறுகள் நெளிவது போல் தோன்றியபோது நபி மூஸா (அலை) அவர்கள் உள்ளத்தில் அச்சம் உணர்ந்ததை இறைவனே எடுத்துரைக்கிறான். அச்சத்துக்காக அவர்களைப் பழிக்காமல் தேற்றுகிறான். இவற்றை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான். அப்படிப்பட்ட நான்தான் அழுத பிள்ளையைப் பார்த்து, ஈமான் உள்ளவன் பயப்படுவானா என்று கேட்டேன்.

தவக்குல் என்பது என்னவென்றும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவனை நம்பட்டுமா என்று வினவியவரிடம், முதலில் அதைக் கட்டும்படியும் அதன் பின்னர் நம்பும்படியும் அண்ணலார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். மருத்துவரிடம் உண்மை சொல்வதும், முன்மருந்தை நேரத்துக்கு விழுங்குவதும் ஒட்டகத்தைக் கட்டுவதே. உண்மையை மறைத்துவிட்டு மேசையில் படுத்து துஆ ஓதிய நான், ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டவனாகவே இருந்தேன்.

சிகிச்சை நலமாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். மேசையில் அழுத்தம் 138/86 என்று இருந்ததாகவும், குழாய் உள்ளே நின்றபோது சற்றே ஏறி உடனே அடங்கியதாகவும் டாக்டரம்மா பிறகு சொன்னார். எடுத்த சதையில் தீங்கு ஒன்றும் இல்லை என்று பரிசோதனை கூறியது. ஐந்து நாள் வாய் திறக்கக் கூடாது என்றார்கள். சிலேட்டில் எழுதிக் காட்டியே பேசினேன்.

இல்லத்தாருக்குச் சில சொற்கள்

இதை வாசிக்கும் சகோதர சகோதரிகளுக்கும் தாய்மார்களுக்கும் என் அனுபவத்திலிருந்து சில சொற்கள். உங்கள் வீட்டில் ஒருவர் அறுவைச் சிகிச்சைக்குப் போகும்போது, அவர் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு மயக்க மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நாட்டு மருந்தும் லேகியமும் அதில் அடங்கும். புகை, மூக்குப்பொடி, வெற்றிலைப் புகையிலை எதையும் மறைக்காதீர்கள். வெறும் வயிறு என்றால் மாத்திரையும் கூடாது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். இரத்தக் கொதிப்பு மாத்திரைகளுள் சிலவற்றை அன்று காலையிலும் ஒரு மிடறு தண்ணீருடன் விழுங்கச் சொல்வார்கள். சிலவற்றை நிறுத்தச் சொல்வார்கள். எது எது என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும், வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்துவது பொதுவான விதி. உங்கள் மருத்துவர் கூறும் கணக்கே இறுதியானது. பரிவின் காரணமாகப் பிள்ளைக்கு ஒளித்துப் பால் கொடுத்துவிடாதீர்கள். மயக்கத்தில் அது மேலெழும்பி நுரையீரலுக்குள் போனால் பேராபத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, பயப்படுகிறவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அருகில் அமர்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த ரமழானில் தராவீஹ் தொழ வைக்க எனக்கு மருத்துவர் அனுமதி தரவில்லை. எந்த நற்பேற்றுக்காகப் பொய் சொன்னேனோ அது கிடைக்காமலே போயிற்று. என்னிடம் ஓதி ஹாபிழான இளைஞர் ஒருவர் தொழ வைத்தார். நான் அவருக்குப் பின்னால் முதல் வரிசையில் நின்று, தவறினால் எடுத்துக் கொடுப்பவனாக முப்பது இரவும் கேட்டுக்கொண்டிருந்தேன். எடுத்துக் கொடுக்க வேண்டிய தேவை அதிகம் நேரவில்லை.

பெருநாள் கழிந்து மதரஸா திறந்த அன்று, அந்தப் பழைய மாணவனை அழைத்தேன். இப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அன்று உன்னை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டது தவறு என்று, அதே எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அவன் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “அஜ்ரத், உங்களுக்கும் பயமா இருந்துச்சா?” என்று கேட்டான்.

“ரொம்பப் பயமா இருந்துச்சு, தம்பி” என்றேன்.

இம்முறை பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல ரஹ்மான் பூரண ஷிஃபாவை அருள்வானாக. உண்மை பேசும் நாவையும், பிறர் அச்சத்தைத் தணிக்கும் சொல்லையும் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.